எபிசோடு 47: தூசி துடைக்க ஏன் இவ்வளவு நேரம் ஆகுது?

(ஆடியோ எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகப் பேச்சு நடை கொஞ்சம் திருத்தப்பட்டிருக்கிறது.)

போன வாரம் டேட்டாபேஸ் பத்திப் பேசினோம். இந்த வாரம் அதுக்குச் சம்பந்தமே இல்லாத விஷயம் மாதிரி தெரியும். தூசி. ஆமா, வீட்டுத் தூசிதான். டிவி ஸ்டாண்டு மேல விரலால பேரு எழுதலாமே, அந்தத் தூசி. இதுக்கு ஒரு முழு எபிசோடான்னு கேட்பீங்க. ஒரு சம்பவத்துல ஆரம்பிக்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள். எங்க வீடு மேடவாக்கத்துல ரெண்டாவது மாடி. வாசலுக்கு நேரா ரோடு. எம்-சாண்ட் லாரி போகாத நாளே கிடையாது. நான் ரூமுக்குள்ள ஹெட்போன் மாட்டிக்கிட்டு ஆபீஸ் கால்ல இருந்தேன். வெளிச் சத்தமே கேக்காத ஹெட்போன். ஹால்ல அம்மா ஸ்டூல் மேல ஏறி, ஷோகேஸ்ல இருக்கிற பொருளை ஒவ்வொண்ணா எடுத்து, பழைய பனியன் துணியால தட்டிக்கிட்டு இருந்தாங்க. அம்மாவுக்கு 56 வயசு. பத்து வருஷமா வீசிங் இருக்கு.

நான் கால் முடிச்சு வெளியில வந்தப்போ மணி ஒன்றரை. அம்மா சோபாவுல குனிஞ்சு உக்காந்திருந்தாங்க. "ஒண்ணுமில்ல கண்ணா, கொஞ்சம் இழுக்குது"ன்னாங்க. ராத்திரி பதினொரு மணிக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில நெபுலைசர் வச்சாங்க. அங்க உக்காந்து புகை மாதிரி அந்த மருந்து வர்றதைப் பார்த்துக்கிட்டு இருக்கும்போது எனக்கு ஒரு விஷயம் உறைச்சது. 28 வயசு. அந்த வீட்லதான் இருக்கேன். அந்த ஷோகேஸை ஒரு தடவைகூட நான் துடைச்சதில்ல.

மறுநாள் காலையில வீரமா கிளம்பினேன். "இனிமே தூசி தட்டுறது என் வேலை"ன்னு சொல்லிட்டு ஷோகேஸ் முன்னாடி போய் நின்னேன். முக்கால் மணி நேரத்துல ரெண்டு தட்டுதான் முடிஞ்சது. அப்பதான் எனக்குள்ள இருக்கிற என்ஜினியர் கேட்டான்: இந்த வேலையில நேரம் உண்மையில எங்க போகுது?

முதல்ல அளந்து பார்த்தேன்

ஒரு புரோகிராம் மெதுவா ஓடுச்சுன்னா நாம என்ன பண்ணுவோம்? எந்த வரியில நேரம் போகுதுன்னு முதல்ல அளப்போம். அளக்காம கோடை மாத்தக் கூடாது. இதையும் அப்படியே பண்ணேன். சிரிக்காதீங்க, நிஜமா போன்ல ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டேன்.

எங்க டைனிங் டேபிள் மேல அன்னைக்கு 17 பொருள் இருந்துச்சு. ஊறுகாய் பாட்டில், உப்பு டப்பா, மாத்திரை அட்டை, கரண்ட் பில், ரெண்டு கல்யாணப் பத்திரிகை, சார்ஜர், ஒரு நெயில் கட்டர், இப்படி. ஒவ்வொண்ணா எடுத்து, அதைத் துடைச்சு, அது இருந்த இடத்தைத் துடைச்சு, திரும்ப வைக்க மொத்தம் 7 நிமிஷம் 10 நொடி. அப்புறம் எல்லாத்தையும் தரையில எடுத்து வச்சுட்டு, வெறும் டேபிளை மட்டும் துடைச்சேன். 35 நொடி.

கணக்கு போடுங்க. வித்தியாசம் 395 நொடி. 17 பொருளால வகுத்தா, ஒரு பொருளுக்குச் சுமார் 23 நொடி. அதாவது, டேபிள் எவ்வளவு பெருசுங்கிறது ஒரு மேட்டரே இல்ல. மேல எத்தனை பொருள் இருக்குங்கிறதுதான் நேரத்தை முடிவு பண்ணுது.

அதுக்கப்புறம் வீட்டுல வெளியில தெரியுற இடங்களை எல்லாம் எண்ணினேன். ஷோகேஸ்ல 58. டிவி ஸ்டாண்டுல 19. டைனிங் டேபிள் 17. ஃப்ரிட்ஜ் மேல 12. செருப்பு ரேக் மேல 9. ஜன்னல் திண்டுல 8. மொத்தம் 123. ஒண்ணுக்கு 23 நொடின்னா கிட்டத்தட்ட 47 நிமிஷம். இதே ஆறு இடமும் காலியா இருந்தா? அஞ்சு நிமிஷம்.

அம்மா இத்தனை வருஷமா பண்ணிக்கிட்டு இருந்தது தூசி துடைக்கிற வேலையே இல்ல. பொருள் எடுத்து வைக்கிற வேலை. நடு நடுவுல கொஞ்சம் துடைப்பு.

தூசி எங்கிருந்து வருது, ஏன் நிறுத்த முடியாது

"சரி, ஜன்னலை மூடிட்டா தூசி வராதே"ன்னு அப்பா கேட்டாரு. நல்ல கேள்விதான். கொஞ்சம் அறிவியல் பேசிடுவோம்.

வீட்டுத் தூசின்னா ஒரே பொருள் கிடையாது. ரோட்டு மண் இருக்கும், வண்டிப் புகைக் கரி இருக்கும், மகரந்தம் இருக்கும். இது வெளியிலேர்ந்து வர்றது. துணியிலேர்ந்து உதிர்ற நூல், நம்ம தோல்லேர்ந்து உதிர்ற செதில், தலைமுடி, சமையல் புகை, ஊதுவத்திச் சாம்பல், இதெல்லாம் உள்ளேயே உற்பத்தி. ஜன்னலை மூடினா முதல் பாதி குறையும். ரெண்டாவது பாதியை நாமளே தயாரிச்சுக்கிட்டு இருப்போம். அதோட, சமைக்கிற வீட்ல காத்தோட்டம் வேணும். எப்பவும் மூடியே வைக்க முடியாது.

இது எவ்வளவு வேகமா கீழ படியுதுங்கிறதுக்கு ஒரு அழகான கணக்கு இருக்கு. காலேஜ்ல ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல ஸ்டோக்ஸ் விதி படிச்சிருப்பீங்க. ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1851ல சொன்னது. துகளோட அளவு 10 மடங்கு குறைஞ்சா, அது கீழ விழுற வேகம் 100 மடங்கு குறையும். தண்ணியோட அடர்த்தி உள்ள, 10 மைக்ரான் அளவு துகள் ஒண்ணை எடுத்துக்குவோம். நம்ம தலைமுடியோட தடிமன்ல ஏழுல ஒரு பங்கு மாதிரி. அசையாத காத்துல அது ஒரு நொடிக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் இறங்கும். 2 மீட்டர் உயரத்துலேர்ந்து தரைக்கு வர 11 நிமிஷம். அதே துகள் 1 மைக்ரானா இருந்தா? 18 மணி நேரம்.

இப்ப அம்மா காய்ஞ்ச துணியால "பட் பட்"னு தட்டினதை யோசிச்சுப் பாருங்க. தட்டும்போது கண்ணுக்குத் தெரியுற பெரிய தூசி கீழ விழுந்துடும். பார்க்க சுத்தமாயிடும். ஆனா மூச்சோட உள்ள போற பொடித்தூசி மணிக்கணக்கா அந்த ரூம்லயே மிதக்கும். ஃபேன் வேற ஓடுச்சுன்னா கணக்கே வேற. அம்மா மூணு மணி நேரம் அந்தக் காத்துக்குள்ளதான் நின்னுக்கிட்டு இருந்தாங்க.

ஆக, தூசி வர்றதை நிறுத்த முடியாது. செருப்பை வாசல்லயே விடுறது, நல்ல கால்மிதி போடுறது, இதெல்லாம் கொஞ்சம் குறைக்கும். நம்ம ஊர்ல அதை ஏற்கனவே பண்றோம். நம்ம கையில முழுசா இருக்கிறது ஒண்ணுதான்: வந்த தூசியை எடுக்க ஆகுற செலவு.

கஷ்டமான வேலை தள்ளிப்போகும், தள்ளிப்போனா இன்னும் கஷ்டம்

சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு இது நல்லாப் புரியும். ஒரு ரிலீஸ் பண்றது தலைவலின்னா டீம் என்ன பண்ணும்? தள்ளிப் போடும். மாசத்துக்கு ஒண்ணு, அப்புறம் மூணு மாசத்துக்கு ஒண்ணு. தள்ளிப் போடப் போட உள்ள சேர்ற மாற்றம் அதிகமாகும். ரிலீஸ் அன்னைக்கு ராத்திரி யாரும் தூங்க மாட்டாங்க. தீர்வு என்ன? ரிலீஸைச் சின்னதாக்கி அடிக்கடி பண்றது. ஆனா அடிக்கடி பண்ணணும்னா முதல்ல அதைச் சுலபமாக்கணும்.

எங்க வீட்ல தூசி இதே கதைதான். 47 நிமிஷ வேலையை யாரு வாராவாரம் பண்ணுவா? அதனால வருஷத்துக்கு ரெண்டு பெரிய ரிலீஸ். ஆயுத பூஜைக்கு ஒண்ணு, போகிக்கு ஒண்ணு. நடுவுல மாசக்கணக்கா சேர்ந்த தூசி மெத்தையா படிஞ்சிருக்கும். அதை ஒரே நாள்ல, ஒரே ஆள், அதுவும் வீசிங் இருக்கிற ஆள் தட்டுவாங்க.

இதைப் புரிஞ்சுக்கிட்ட பிறகு "வாராவாரம் துடைங்க"ன்னு அட்வைஸ் பண்றதுல அர்த்தமில்லன்னு தோணுச்சு. 123ஐக் குறைச்சா வாராவாரம் துடைக்கிறது தானா நடக்கும்.

123 பொருளும் மூணு கூடையும்

ஒரு சனிக்கிழமை, நான், அப்பா, அம்மா மூணு பேரும் உக்காந்தோம். எல்லாத்தையும் ஹால் தரையில பரப்பினோம். மூணா பிரிச்சோம்.

முதல் வகை, தினமும் கை படுறது. ரிமோட், மாத்திரை, உப்பு டப்பா, கண்ணாடி. இது 27.

ரெண்டாவது, ஞாபகத்துக்கு வச்சிருக்கிறது. ஷீல்டு, போட்டோ, பொம்மை. இது 34.

மூணாவது வகைக்கு நான் வச்ச பேரு "அட்ரஸ் இல்லாதது". யாரும் ஆசைப்பட்டு அங்க வைக்கல. வைக்க இடம் தெரியாம கையிலேர்ந்து இறங்கி உக்காந்துடுச்சு. முடிஞ்சுபோன கல்யாணத்துப் பத்திரிகை ஏழு. எந்த டிவிக்குன்னே தெரியாத ரிமோட் மூணு. எழுதாத பேனா. எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி. ஒரு டம்ளர்ல ஆணி, ஸ்க்ரூ. தாம்பூலப் பையில வந்த பிளாஸ்டிக் டப்பா. தேதி முடிஞ்ச இருமல் மருந்து. எண்ணிப் பார்த்தா 62. பாதிக்கு மேல!

நான் நினைச்சது என்னன்னா, ஷோகேஸ் பொம்மைங்கதான் பிரச்சினை, அம்மாகிட்ட சண்டை போட்டு அதைத் தூக்கணும்னு. டேட்டா வேற சொல்லுச்சு. யாருக்கும் வேண்டாத 62தான் முதல் வில்லன். அதுல 40 அன்னைக்கே போயிடுச்சு. பழைய பேட்டரி, வயர் மட்டும் குப்பையில போடாம மின்கழிவு வாங்குற இடத்துக்காகத் தனியா எடுத்து வச்சோம். மிச்சம் 22க்கு டிராயர்ல இடம் கொடுத்தோம். ஒரு பொய்கூட சொல்லாம, ஒரு சண்டைகூட போடாம பாதி வேலை முடிஞ்சது.

முதல் வகை 27க்கு ஒரு சின்ன தந்திரம்: தட்டு. டைனிங் டேபிள்ல இருக்கிற உப்பு, ஊறுகாய், நெய், ஸ்பூன் ஸ்டாண்டு எல்லாத்தையும் ஒரு தட்டுல வச்சேன். இப்ப டேபிள் துடைக்கணும்னா ஒரு கையால தட்டைத் தூக்கு, மறு கையால துடை, வை. ஒன்பது தடவை தூக்குறது ஒரு தடவை ஆயிடுச்சு. ஒன்பது ரெக்வெஸ்ட்டுக்குப் பதிலா ஒரே ரெக்வெஸ்ட், அவ்வளவுதான். ரிமோட்டுக்கு ஒண்ணு, அம்மா மாத்திரைக்கு மூடி போட்ட டப்பா ஒண்ணு. 27 பொருள் 9 "தூக்கல்" ஆச்சு.

அப்பாவோட ஷீல்டு

ரெண்டாவது வகைதான் கஷ்டம். இங்க நான் ஒரு தப்பு பண்ணேன்.

அப்பா பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவரு. விபத்தில்லாம ஓட்டினதுக்குக் கொடுத்த ஷீல்டு ஆறு ஷோகேஸ்ல இருக்கு. மரப் பலகையில பித்தளைத் தகடு, மேல ரெண்டு பக்கமும் இலை மாதிரி வளைவு. தூசிக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது. ஒரு ஷீல்டு துடைக்க ஒன்றரை நிமிஷம். நான் யோசிக்காம சொல்லிட்டேன்: "அப்பா, இதை போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு பரண்ல போட்டுடலாம்."

அப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "ஏன்டா, இதுவும் அந்த ரிமோட்டும் ஒண்ணா?"ன்னு கேட்டாரு. எழுந்து பால்கனிக்குப் போயிட்டாரு.

அம்மாதான் சொன்னாங்க. "முப்பது வருஷம் அந்த ரோட்டு மண்ணைத் தின்னுட்டு வந்து வாங்கினது அது. தூசி படியுதுன்னு நான் ஒரு நாளாச்சும் உள்ள எடுத்து வச்சிருக்கேனா?"

நான் எண்ணிக்கையைக் குறைக்கிறதுன்னா பொருளைக் குறைக்கிறதுன்னு நினைச்சுக்கிட்டேன். குறைக்க வேண்டியது பொருளை இல்ல. தூசி படியுற இடத்துல இருக்கிற பொருளோட எண்ணிக்கையை. ரெண்டும் வேற. கண்ணாடிக் கதவு போட்டா அதே ஷீல்டு அதே இடத்துல நிக்கும், எல்லாரும் பார்க்கலாம், வாராவாரம் யாரும் தூக்க வேண்டாம். பால்கனிக்குப் போய் அப்பாகிட்ட, "மன்னிச்சிடுங்கப்பா, கதவு போட்டு நடுத்தட்டுலயே வைக்கலாம்"னு சொன்னேன். மறுநாள் அவரே கார்பென்டர் அண்ணனைக் கூட்டிட்டு வந்தாரு.

நடு ரெண்டு தட்டுக்கு நகர்த்துற கண்ணாடி போட்டோம். 34ல 22 உள்ள போயிடுச்சு. கண்ணாடிக்குள்ள தூசியே வராதான்னா, வரும். இடுக்கு வழியா கொஞ்சம் வரும். ஆனா நாலஞ்சு மாசத்துக்கு ஒரு தடவை திறந்து துடைச்சா போதும்.

அடுத்த ஐடியா அம்மாவோடது. கொலு பொம்மையை நாம என்ன பண்றோம்? வருஷத்துல ஒன்பது நாள் வெளிய வைக்கிறோம். மிச்ச நாள் துணி சுத்தி டிரங்குப் பெட்டியில. அதனால மதிப்பு குறைஞ்சு போச்சா? அதிகமாகுது. ஷோகேஸ் பொம்மைக்கும் அதே வழி. எட்டு பொம்மை பெட்டிக்குள்ள, நாலு வெளிய. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்துவாங்க. இப்போதைக்கு வெளிய இருக்கிறது தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை, தாத்தா போட்டோ, ஒரு பித்தளை விளக்கு, என் தங்கச்சி எட்டாம் வகுப்புல செஞ்ச களிமண் யானை.

நாலு வேணும்னு அம்மா அடம் பிடிச்சாங்க. எல்லாத்தையும் எடுத்தப்போ ஹாலைப் பார்த்து, "வீடு காலி பண்ணிட்டுப் போற மாதிரி இருக்குடா"ன்னாங்க. நியாயம்தான். லாட்ஜ் ரூம் மாதிரி வீடு யாருக்கு வேணும்? வெளிய நிக்கிறது 9 தூக்கலும் 4 பொம்மையும் சேர்த்து 13. அஞ்சு நிமிஷம் தூக்க, அஞ்சு நிமிஷம் துடைக்க. பேப்பர்ல 10 நிமிஷம். நிஜத்துல 15 ஆகுது.

அப்புறம் பக் வந்துச்சு

மூணு வாரம் சூப்பரா போச்சு. நாலாவது வாரம் டிவி ஸ்டாண்டைப் பார்த்தா 11 பொருள். எனக்கு வந்த கோபம்! "யாரு வச்சது?"ன்னு கத்தப் போனேன். எண்ணிப் பார்த்தா அதுல அஞ்சு என்னோடது.

திரும்ப வந்தது என்னென்னன்னு எழுதினேன். பைக் சாவி, இயர்போன், ஆபீஸ் ஐடி கார்டு, அம்மாவோட மூக்குக் கண்ணாடி, கரண்ட் பில், கடை ரசீது. ஒரு பேட்டர்ன் தெரியுதா? எல்லாமே வெளியிலேர்ந்து வீட்டுக்குள்ள நுழையும்போது கையில இருக்கிறது. வாசல்லேர்ந்து நடந்து வந்தா முதல்ல வர்ற காலி இடம் டிவி ஸ்டாண்டு. காலி இடம் இருந்தா பொருள் வந்து உக்காரத்தான் செய்யும். அது ஆளோட சோம்பேறித்தனம் இல்ல, டிசைன் கோளாறு.

வாசல் பக்கத்துச் சுவத்துல மூணு கொக்கி அடிச்சேன். கீழ மூடி போட்ட ஒரு சின்ன டப்பா, பில்லு ரசீதுக்கு. அம்மா கண்ணாடிக்கு அவங்க உக்காந்து பேப்பர் படிக்கிற சேர் பக்கத்துல ஒரு பை. டிவி ஸ்டாண்டு அதுக்கப்புறம் பெருசா நிறையல. உங்க வீட்லயும் ஒரு இடம் திரும்பத் திரும்ப நிறைஞ்சா யாரையும் திட்டாதீங்க. என்ன பொருள் திரும்ப வருதுன்னு பாருங்க. அதுக்கு அட்ரஸ் கொடுங்க, அதுவும் கை நீட்டுற தூரத்துல.

இன்னொரு தப்பு: பரண்ல அட்டைப் பெட்டியில போட்டு வச்சேன். ரெண்டே மாசத்துல கரப்பான் குடித்தனம். இப்ப எல்லாம் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி, வெளியில என்ன இருக்குன்னு எழுதி ஒட்டியிருக்கு.

சமையலறை மட்டும் தனிக் கதை. அங்க தூசி தனியா வராது. தாளிக்கிற எண்ணெய்ப் புகையோட சேர்ந்து பிசுக்கா ஒட்டும். மிக்ஸி மேல, டப்பா மேல விரல் வச்சா ஒட்டுதுல்ல, அதுதான். ஈரத் துணி போதாது, சோப்புத் தண்ணி வேணும். அடுப்புக்குப் பக்கத்துல திறந்த தட்டுல எவ்வளவு குறைவா வைக்கிறோமோ அவ்வளவு நிம்மதி.

இப்ப எப்படித் துடைக்கிறேன்

ஞாயித்துக்கிழமை காலையில, காபிக்கு முன்னாடி. அம்மா பெட்ரூம்ல கதவைச் சாத்திக்குவாங்க. ஃபேன் ஆஃப், ஜன்னல் திறப்பு, முகத்துல மாஸ்க். வேலை முடிஞ்சு அரை மணி நேரத்துக்கு மேல கழிச்சுதான் அம்மா ஹாலுக்கு வருவாங்க. ஸ்டோக்ஸ் ஞாபகம் இருக்குல்ல?

மேலேர்ந்து கீழ. முதல்ல ஒட்டடை, அப்புறம் ஷோகேஸ், அப்புறம் டேபிள், கடைசியில தரை. தரையைப் பெருக்கிட்டு மேல துடைச்சா ரெண்டு தடவை வேலை. மாசத்துக்கு ஒரு தடவை ஃபேன் றெக்கை. அதுக்குப் பழைய தலையணை உறையை றெக்கை மேல மாட்டி, அழுத்திப் பிடிச்சு இழுத்தா தூசி எல்லாம் உறைக்குள்ளயே விழும், தலையில கொட்டாது.

துணி ஈரமா இருக்கணும், சொட்டக் கூடாது. ஈரத் துணி தூசியைப் பிடிச்சு வச்சுக்கும், காய்ஞ்ச துணி கிளப்பி விடும். மைக்ரோஃபைபர் துணி இருந்தா நல்லது. ரொம்ப மெல்லிசா பிரிஞ்ச பாலியெஸ்டர் இழைங்கிறதால இடுக்குத் தூசியையும் பிடிக்கும். டிவி, ரூட்டர் மாதிரி கரண்ட் சாமானை ஆஃப் பண்ணிட்டு லேசா காய்ஞ்ச மைக்ரோஃபைபர் துணியால ஒத்தி எடுங்க, தண்ணி தெளிக்காதீங்க.

இது மருந்து இல்ல

ஒரு விஷயம் தெளிவா சொல்லணும். ஹாலைக் காலி பண்ணா வீசிங் போயிடும்னு நான் சொல்லல. டாக்டர் எங்ககிட்ட முதல்ல கேட்டது ஷோகேஸைப் பத்தி இல்ல, மெத்தையைப் பத்தி. நிறைய பேருக்கு ஒவ்வாமை வர்றது தூசிப்பூச்சியால. கால் மில்லிமீட்டர் அளவு இருக்கும், கண்ணுக்குச் சரியா தெரியாது. நம்ம தோல் செதிலைத் தின்னு வாழும். காத்துல ஈரம் இருந்தா செழிப்பா இருக்கும், சென்னையில அதுக்குப் பஞ்சமா? அது அதிகம் குடியிருக்கிறது வெறும் மேசையில இல்ல. மெத்தை, தலையணை, சோபா, பஞ்சு பொம்மையில. படுக்கை விரிப்பு, தலையணை உறையை வாராவாரம் 60 டிகிரி சூட்டுத் தண்ணியில துவைக்கிறது அதுக்குத்தான். அம்மாவோட இன்ஹேலரும் டாக்டர் சொன்னபடி தொடருது. அதை நாமளா நிறுத்தவே கூடாது.

ஆனா ஹால் வேலை 47 நிமிஷத்துலேர்ந்து 15 ஆனதாலதான் எனக்குத் தலையணை உறை துவைக்க நேரமும் பொறுமையும் வந்துச்சு. அதையும் சொல்லணும்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் லீவு போட்டேன். துடைக்க பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு வாரத் தூசிதான். கண்ணாடிக் கதவைத் திறந்து ஷீல்டை மட்டும் அப்பாவே எடுத்துத் துடைச்சாரு. ஒவ்வொண்ணும் எந்த வருஷம், எந்த ரூட்டுல ஓட்டினப்போ வந்ததுன்னு சொல்லிக்கிட்டே துடைச்சாரு. 28 வருஷமா அந்தப் பலகையைப் பார்க்கிறேன், அந்தக் கதையில பாதி எனக்குத் தெரியாது. அம்மா உள்ளேர்ந்து, "டேய், அந்த மூணாவது ஷீல்டு கதையைத் தப்பா சொல்றாரு உங்கப்பா"ன்னு குரல் கொடுத்தாங்க.

அன்னைக்கு ராத்திரி நெபுலைசர் தேவைப்படல. இதை வச்சு நான் எதையும் நிரூபிச்சுட்டேன்னு சொல்ல மாட்டேன். ஒரு வீடு, ஒரு ஆள், ஒரு வருஷம், அவ்வளவுதான். ஆனா ஸ்டூல் மேல அம்மா ஏறல. அது நிச்சயம்.

உங்களுக்கு இந்த வார ஹோம்வொர்க்: முழு வீட்டையும் தொடாதீங்க. ஒரே ஒரு இடம், ஃப்ரிட்ஜ் மேலன்னு வச்சுக்குங்க. எத்தனை பொருள் இருக்குன்னு எண்ணுங்க. அட்ரஸ் இல்லாதது எத்தனைன்னு பாருங்க. அதை மட்டும் எடுங்க. யாரோட ஞாபகப் பொருளையும் அவங்களைக் கேக்காம தொடாதீங்க, நான் வாங்கிக்கட்டிக்கிட்ட மாதிரி நீங்களும் வாங்கிக்கட்டிக்குவீங்க. அப்புறம் அந்த இடத்தை யாரு துடைக்கப் போறாங்கன்னு வீட்ல பேசிடுங்க. அது எப்பவும் அம்மாதான்னா, இந்த வாரம் துணியை நீங்க வாங்கிக்குங்க.

அடுத்த வாரம் திரும்ப டேட்டாபேஸ்தான், பயப்படாதீங்க. பார்க்கலாம் மக்களே!